பரண்மேல் கிடந்த கிடார்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பழுதான பொருள்களில் தூக்கி எறியத் தக்கவை சில. தூக்கி எறிய மனம் வராதவை சில. எங்கள் வீட்டுப் பரண்மேல் பல ஆண்டுகளாகக் கிடந்த கிடார் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அது என் தாய்மாமனுடையது. இளமையில் அவர் எங்கள் வட்டாரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்தவர். மாசியும் பங்குனியும் வந்துவிட்டால் திருவிழா மேடைகளில் விடிய விடியக் கச்சேரி. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ திரைப்படம் வெளிவந்த பின்னர், கிடார் மீட்டலோடு தொடங்கும் அப்படப் பாடலை வாசிக்காமல் எந்த ஊரிலும் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்களாம். பிற்காலத்தில் கீபோர்டு என்னும் ஒரே கருவி எல்லா வாத்தியங்களின் ஓசையையும் தரத் தொடங்கியது; குழுவில் கிடாருக்கு நாற்காலி இல்லாமற் போயிற்று. மாமா அரிசி ஆலையில் கணக்கெழுதச் சென்றார். கிடார் எங்கள் பரணுக்கு வந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அதைக் கீழே இறக்கினார். அன்று வீட்டுக்கு வந்திருந்த மாமா, “பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடு அக்கா. இந்த விரலை வச்சுக்கிட்டு இனிமே யார் வாசிக்கப் போறா?” என்றார். மூட்டுவாதத்தால் அவருடைய விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டே இடக்கையால் அதன் கழுத்தைப் பிடித்தவர், தேநீர் குடித்து முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். அந்தக் கிடாரைச் செப்பனிடுவது மட்டுமன்று, அந்த விரல்களுக்கு ஏற்ற கிடாராக அதை மாற்றுவது என்றும் அன்றே முடிவு செய்தேன். விடுமுறை நாட்களில் வீட்டுத் திண்ணையிலேயே அவ்வேலையைச் செய்து முடித்த விதத்தை இங்கே விளக்க விரும்புகிறேன்.

வீணை தந்த சொற்கள்

கிடாரின் உறுப்புகளுக்கு நாம் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. வீணை நமக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. கம்பியை முறுக்கும் ஆணி பிருடை. கம்பிகள் ஏறி நிற்கும் பாலம் குதிரை. விரல் பதியும் குறுக்குக் கட்டைகள் மெட்டுகள். கழுத்துப் பகுதி தண்டி. தண்டியின் தலைப்பில் கம்பிகள் தவழ்ந்து வரும் பள்ளங்களையுடைய பட்டை மேரு. வீணையில் 24 மெட்டுகள். அதாவது பன்னிரண்டு சுரத்தானங்கள் இரு தாயிக்கு. அந்த மெட்டுகளை மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையில் பதிப்பார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி பதிக்கலாம். கிடாரில் அவ்வசதி இல்லை. உலோக மெட்டை மரத்தில் அறுத்த காடியில் அடித்து இறக்கிவிடுகிறார்கள். எனவே கிடாரின் கணக்கு, செய்யும் நாளிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

அந்தக் கணக்கு எளியது. ஒரு தாயியைப் பன்னிரண்டு சமமான விகிதங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் 2-இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது ஏறத்தாழ 1.0595. மேருவிலிருந்து குதிரைவரை கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817 ஆல் வகுக்க முதல் மெட்டின் தூரம் 36.5 மி.மீ. என்று கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 325 மி.மீ.இல் வந்து நிற்கும். வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தையான வின்சென்சோ கலிலி, 1581-இல் வெளியிட்ட இசை நூலில் 18-ஆல் வகுத்தால் போதும் என்றார். அவ்வாறு போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாம் மெட்டு 2.4 மி.மீ. முன்னதாகவே வந்து விடுகிறது. பழைய கைவினைஞர்கள் நெடுங்காலம் அக்கணக்கையே பின்பற்றினர். அதில் ஒரு நன்மையும் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நோய் நாடல்

மருத்துவர் நாடி பிடிப்பதுபோல் முதலில் முழுவதையும் சோதித்தேன். சிறு முகம் பார்க்கும் கண்ணாடியையும் கைவிளக்கையும் ஒலித்துளை வழியே உள்ளே காட்டிப் பார்த்தேன். விரல் கணுவால் மேற்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல இடத்தில் ‘டொக்’ என்று தெளிவாகக் கேட்கும். உள்ளே தாங்குகட்டை பசை விட்டிருந்தால் ஓர் அதிர்வு கலந்து கேட்கும். இவ்வாறு கண்ட குறைகள் ஆறு: ஒரு தாங்குகட்டை பாதி நீளத்துக்குக் கழன்றிருந்தது, குதிரையின் பின்விளிம்பு, அஞ்சல் அட்டை நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தது, தண்டி வளைந்திருந்தது, முதல் ஐந்து மெட்டுகளில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்திருந்தது, மேரு உடைந்திருந்தது, பிருடைகள் துருப்பிடித்திருந்தன. எஞ்சியிருந்த மூன்று துருக்கம்பிகள், பன்னிரண்டாம் மெட்டிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் நின்றன. நல்ல விரலுக்கே அது தண்டனை.

மேற்பலகை உயர்ந்த ஸ்புரூஸ் மரமன்று, ஒட்டுப்பலகைதான். சிறிது மனம் சோர்ந்தது உண்மை. அப்போது ஒரு செய்தி ஆறுதல் தந்தது. இன்றைய கிடாரின் வடிவத்துக்கு மூலவரான ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி டோரஸ் (1817–1892), 1862-இல் பின்பக்கமும் பக்கவாட்டும் காகித அட்டையாலேயே அமைந்த ஒரு கிடாரைச் செய்து காட்டினார். ஓசையைப் பெரும்பாலும் ஆள்வது மேற்பலகையும் அதன் தாங்குகட்டைகளுமே என்பது அவர் கருத்து. ஆகவே என் முயற்சி முழுவதையும் மேற்பலகையிலும் குதிரையிலும் செலுத்தினேன்.

பசையும் பொறுமையும்

எங்கள் தெருவில் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். குதிரையை ஒட்டக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையைக் காட்டினேன். “தம்பி, நாற்காலிக் காலுக்கு இது போதும். ராப்பகலா இழுத்துக்கிட்டே இருக்கிற இடத்துக்கு வச்சிரம்தான் வேணும்” என்றார். அவர் கூறியது அறிவியலுக்கும் ஒத்ததே. வெள்ளைப் பசை உலர்ந்த பிறகும் சற்று நெகிழ்வுடையது. நிலையான இழுவிசையில், அதுவும் நம் ஊர்க் கோடையில், மெல்ல மெல்ல நகர்ந்து விடும். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப்பசை கண்ணாடிபோல் இறுகும். நீரும் சூடும் சேர்ந்தால் இளகிவிடும் என்பதால், நாளை வேறொருவர் பழுதுபார்க்கவும் வழி இருக்கும். பழைய வயலின்களை ஒட்டியதும் இவ்வகைப் பசையால்தான்.

குதிரையைக் கழற்றுவதற்கு அதைச் சூடேற்ற வேண்டும். சுற்றிலும் அலுமினியத் தாள் பரப்பி, தேய்ப்புப் பெட்டியைக் குதிரையின் மேல் வைத்து, பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டைச் சூடாக்கி விளிம்பில் சிறிது சிறிதாக நுழைத்தேன். குதிரை வந்தது, கூடவே என் அவசரமும் வந்தது. தாள் விலகியதைக் கவனிக்காததால் கட்டைவிரல் அகலத்துக்கு மெருகு பொசுங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

பழைய பசையைச் சுரண்டி, மரம் மரத்தோடு முழுமையாகப் படிகிறதா என்று பார்த்த பிறகு, ஊறவைத்த வச்சிரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை அளவில் இளக்கினேன். சூடு மிகுந்தால் பசையின் வலு குன்றும். அது விரைந்து இறுகுவதால் குதிரையையும் சற்றே வெதுவெதுப்பாக்கிக் கொண்டேன். பூசிய ஒரு நிமிடத்துக்குள் கிளாம்பு பூட்டியாக வேண்டும். உள்ளே தாங்குகட்டைக்கும் பசையிட்டு, ஒரு போல்ட்டையும் நட்டையும் கொண்டு செய்த சிறு முட்டினால் அழுத்தி நிறுத்தினேன். ஒரு நாள் போதும் என்றார் பெரியவர். நான் இரண்டு நாள் தொடவில்லை. இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி அந்த இரண்டு நாள்தான்!

தண்டியும் மெட்டுகளும்

வழக்கமான எஃகுக் கம்பிகள் ஆறும் சுருதியில் நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். ஓர் ஆள் இரவும் பகலும் தண்டியில் தொங்குவது போலாகும்! அதைத் தாங்குவதற்காகத் தண்டிக்குள் ஓர் எஃகுக் கோல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆறுபட்டைச் சாவியால் அதை இறுக்கினால் தண்டி பின்னோக்கி நிமிரும். சோதனைக்காகக் கம்பி பூட்டி, ஒரு கம்பியை முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஒருசேர அழுத்தி, ஏழாம் மெட்டருகே இடைவெளியைப் பார்த்தேன். அது கால் மில்லிமீட்டர், அதாவது அஞ்சல் அட்டையின் தடிமன் இருந்தால் போதும். எனக்கோ அதைப்போல் மும்மடங்கு இருந்தது. ஒரு முறைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பாமல், இடையிடையே ஓய்வு கொடுத்து, இரண்டு நாட்களில் சரிசெய்தேன்.

அடுத்து மெட்டுகள். கம்பிகளைக் கழற்றிவிட்டு, கோலைத் தளர்த்தித் தண்டியை நேராக்கி, மரப்பகுதியை ஒட்டுநாடாவால் மூடி, ஒவ்வொரு மெட்டின் உச்சியிலும் கறுப்பு மையால் கோடிட்டேன். நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளை நீளவாக்கில் தேய்க்க வேண்டும். எல்லா மெட்டுகளிலும் மை அழிந்தால் எல்லாம் ஒரே மட்டம் என்று பொருள். மட்டம் வந்த பிறகு உச்சி தட்டையாகி விடும். தட்டையான மெட்டில் கம்பி எந்த இடத்தில் தொடுகிறது என்பது நிச்சயமில்லாததால் சுருதி பிசகும். ஆகவே முக்கோண அரத்தால் இருபுறமும் சரித்து, மீண்டும் வளைந்த முதுகாக்கினேன். பின்னர் 400, 600, 1000 எண் உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்க்க, மெட்டுகள் புதுக்காசுபோல் மின்னின. பிருடைகளை மண்ணெண்ணெயில் கழுவி, பற்சக்கரத்துக்கு ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விட்டதோடு அவற்றின் வேலை முடிந்தது.

எலும்பில் ஒரு பாடம்

மேருவும், குதிரைமேல் கம்பிகள் ஏறும் பட்டையும் பிளாஸ்டிக்கில் இருந்தன. அவற்றை எலும்பில் செய்யத் தீர்மானித்தேன். எலும்பு தேயாது, அதிர்வையும் வீணாக்காது. இறைச்சிக் கடையில் மாட்டுக் காலெலும்பு ஒன்று வாங்கி வந்தபோது, “சமையலறைப் பக்கம் அது வந்தால் நான் வெளியே போய்விடுவேன்” என்றார் அம்மா. கொல்லையில் மூன்று செங்கல் வைத்து வேகவைத்து, கொழுப்பு நீக்கி, வெயிலில் உலர்த்தி, இரும்பறுக்கும் வாளால் அறுத்தேன். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வது அவசியம். மேருவில் பள்ளம் அறுக்க, எரிவாயு வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் நுண்ணிய அரக்கம்பிகள் மிகப் பொருத்தமாக இருந்தன. மூன்றாம் மெட்டில் கம்பியை அழுத்தினால், முதல் மெட்டுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு காகிதத் தடிமன் மட்டும் எஞ்ச வேண்டும்.

குதிரைப் பட்டைக்கு ஓர் எளிய வடிவியல் உண்டு. பன்னிரண்டாம் மெட்டு பாதி வழியில் இருப்பதால், அங்கே கம்பி 1 மி.மீ. இறங்க வேண்டுமெனில் குதிரையில் 2 மி.மீ. குறைக்க வேண்டும். குதிரையை ஒட்டித் தண்டியையும் நிமிர்த்திய பின் உயரம் 5 மி.மீ.இலிருந்து 4 ஆகியிருந்தது. எனக்கு வேண்டியது 2.5. ஆகவே 3 மி.மீ. குறைக்க வேண்டும். கணக்கெல்லாம் சரி, கைதான் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மாமாவுக்கு இன்னும் எளிதாக இருக்குமே என்று மேலும் தேய்த்தேன். கம்பி பூட்டியதும் ஒவ்வொரு மெட்டிலும் ‘ஜிங்’ என்று இரைச்சல். அதிரும் கம்பிக்கு அகலமான இடம் வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் அடுத்த மெட்டில் மோதும். கழித்ததைக் கூட்ட முடியாதே! இரண்டு நாள் உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி எலும்பை அறுத்தேன்.

அந்தப் பட்டை ஏன் சாய்வாக அமைந்திருக்கிறது என்பது பலருக்கும் எழும் ஐயம். கம்பியை அழுத்தும்போது அது சிறிது இழுபடுகிறது. சுருதி சிறிது ஏறுகிறது. தடித்த கம்பியில் ஏற்றம் மிகுதி. அதை ஈடுகட்டவே அப்பக்கம் நீளத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டுகிறார்கள். கலிலியின் 18-ஆம் வகுத்தல் மெட்டுகளைச் சற்று முன்னே தள்ளியதால், அதுவும் இந்த ஏற்றத்தை ஓரளவு ஈடுசெய்தது. முன்னர் சொன்ன நன்மை இதுதான். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே கம்பியை இலேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் கம்பி தொடும் முனையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இதற்குப் பேருதவியாக இருந்தது.

விரலுக்கேற்ற கிடார்

இதுவரை செய்தது செப்பனிடல். இனி மாமாவுக்காகச் செய்த மாற்றங்கள்.

நம் ஆய்வகத்துச் சுரமானியை நினைவுகூருங்கள். இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே அதிர்வெண் மாறும் என்று முதலாண்டிலேயே மெய்ப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1636-இல் வெளியிட்ட விதி அது. அதைத் திருப்பிப் போட்டால், சுருதியை அரைப்படி இறக்கினால் இழுவிசை 11 விழுக்காடு குறையும். முழுப்படி இறக்கினால் ஏறத்தாழ 21 விழுக்காடு குறையும். மிக மெல்லிய கம்பித் தொகுதி ஒன்று வாங்கினேன்; அதன் மொத்த இழுவிசை வழக்கமான சுருதியில் 60 கிலோ அளவு. அதையும் ஒரு முழுப்படி இறக்கினேன். 50 கிலோவுக்கும் கீழே வந்தது. வயதாகும்போது பாடும் குரலும் இறங்குகிறது அல்லவா? எனவே அந்த இறக்கம் விரல், குரல் இரண்டுக்குமே ஒத்துவரும் என்று எண்ணினேன்.

அடுத்த மாற்றம் ஒலிவாங்கி. மெதுவாக மீட்டினாலும் கேட்க வேண்டும் அல்லவா? சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை ழாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். அந்த அழுத்தமின் விளைவில் இயங்கும் பீசோ வில்லை, மின்னணுப் பொருள் கடையில் மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அதைக் குதிரைக்கு நேர்கீழே உட்புறம் ஒட்டி, உறையிட்ட கம்பியால் அடிப்புறத்தில் ஒரு 6.35 மி.மீ. செருகியில் இணைத்தேன். ஒன்றை மறவாதீர்கள்: இவ்வில்லை இணையும் பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு ஒரு மெகா ஓமாவது இருக்க வேண்டும். குறைந்தால் மந்தர ஒலிகள் மறைந்து, தகரம்போல் ஒலிக்கும்.

கடைசியாக மெருகு. உடல் முழுவதையும் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடித்து, கடையில் வாங்கியதுபோல் பளபளக்கச் செய்யவே எண்ணியிருந்தேன். உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது மாமா வந்தார். ஒலித்துளைக்குக் கீழே, அவருடைய விரல்கள் ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் மெருகு தேய்ந்து மரம் தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்து, “மாப்ளே, இதை மட்டும் விட்டுடு” என்றார். நான் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். தண்டியின் பின்புறம் கட்டைவிரல் வழுக்கிச் செல்லும் அளவுக்கு மட்டும் தேய்த்து, மற்றதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

வாசித்த அன்று

செலவு மொத்தம் எண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல். அதில் பாதிக்குமேல் கம்பிக்கே ஆயிற்று. ஆனால் ஒரு சொல்: இவ்வேலைகளை விலையுயர்ந்த பழங்கருவியில் பழகாதீர்கள். தண்டியே மூட்டில் கழன்றிருந்தால் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுங்கள். இழந்தாலும் பாதகமில்லை என்று பிறர் ஒதுக்கிய கருவியே நம் போன்றோர்க்கு ஆசான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிடாரை மாமாவின் மடியில் வைத்தேன். அவர் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை மீட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார்.

“சுருதி இறங்கியிருக்கே?”

“உங்களுக்காகத்தான் இறக்கினேன் மாமா.”

“சரிதான். நானும் இறங்கித்தான் இருக்கேன்” என்று சிரித்தார்.

பிறகு வாசித்தார். சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்தி ஆறு கம்பியையும் அழுத்த வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டார், கையை உதறினார், மறுபடி தொடங்கினார். மூன்றாம் முறையில் அந்த இடத்தைக் கடந்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். அம்மா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய மூட்டுவாதம் குணமாகிவிடவில்லை. கால்மணி நேரத்துக்குமேல் அவரால் வாசிக்க இயலாது. எனினும் ஞாயிறுதோறும் வருகிறார். அவர் கைக்கு ஓய்வு வேண்டும்போது கிடார் என் மடிக்கு மாறுகிறது. விரலை எங்கே வைப்பது என்று அவர் சொல்ல, நான் வைக்கிறேன். பரணில் இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது.